பட்டாவும் வில்லங்கச் சான்றும் இருந்தால் நிலம் அவருடையதுதானா?

"விற்பவர் பெயரில் பட்டா இருக்கிறது, 30 வருட வில்லங்கமும் சுத்தம். நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு நிலம் என்றால், தாய்ப்பத்திரத்தை (நிலம் இதற்கு முன் கைமாறி வந்த மூலப்பத்திரங்களை) பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. உரிமைப் பத்திரம் அல்ல. அதில் பெயர் ஏறுவதால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆரில் நான்கு அண்ணன் தம்பிகளின் நிலம் மூத்தவர் பெயரில் மட்டும் ஏறிய கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பட்டாவை நம்பி மூத்தவர் மகனிடம் வாங்கினால், சித்தப்பா பிள்ளைகள் பாகம் கேட்டுப் போடும் வழக்கில் நீங்களும் ஒரு பிரதிவாதி.

வில்லங்கச் சான்று என்பது நிலத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல். பதிவுத் துறையின் 1ஆம் புத்தகத்திலிருந்து (அசையாச் சொத்து ஆவணங்களுக்கான பதிவேடு) வருவது. கொடுத்த சர்வே எண்ணுக்கும் கொடுத்த காலத்துக்கும் மட்டுமே அது பதில் சொல்லும். பலர் ஏமாறுவது இங்கேதான். 125/2 பின்னாளில் 125/2ஏ, 2பி என்று உட்பிரிவு ஆகியிருக்கும். 2ஏ மட்டும் போட்டுத் தேடினால் முந்தைய கிரயமும் அடமானமும் விடுபட்டு, படிவம் 16இல் 'வில்லங்கம் இல்லை' என்று வந்து நிற்கும். பழைய எண்ணையும் போட்டுப் பாருங்கள். கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும்.

சரியாகத் தேடினாலும் சில விஷயங்கள் அதில் வரவே வராது. உயிலைப் பதிவு செய்திருந்தாலும் அது 3ஆம் புத்தகத்துக்குப் போய்விடும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, அசல் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய பதியாத கடன், நிலுவையில் உள்ள வழக்கு இவையும் பெரும்பாலும் தெரியாது. "அசல் பேங்க் லாக்கரில் இருக்கு, ஜெராக்ஸ் பாருங்க" என்பவரிடம் அசல் கைக்கு வரும்வரை பேச்சை நிறுத்திவையுங்கள்.

வில்லங்கத்தை வாசிக்கும்போது ஒவ்வொரு பதிவிலும் உள்ள 'முந்தைய ஆவண எண்' பத்தியைப் பாருங்கள். அந்த எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போய், கையில் உள்ள மூலப்பத்திரங்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கலாம். ஒரு கண்ணி விட்டிருந்தால் அந்த ஆவணத்துக்கு நகல் மனு போடுங்கள். அடமானப் பதிவு இருந்தால் அதைத் தீர்த்த ரசீது ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். கடன் முடிந்தது என்று வங்கி கொடுத்த கடிதத்தால் மட்டும் அந்தப் பதிவு தீராது.

பரம்பரைச் சொத்தா? தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் வாரிசுகள் யார் என்று மட்டும் சொல்லும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது. கல்யாணமாகிப் போன மகள் பெயரை விட்டுவிட்டு வாங்கிய சான்றும் புழக்கத்தில் உண்டு, அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வாரிசுகள் எல்லோரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து அட்வான்ஸ் கொடுங்கள். அந்த ஒப்பந்தமும் வில்லங்கத்தில் ஏறும். கிரயம் பதியும் அன்று காலையில் இன்னொரு முறை வில்லங்கம் பாருங்கள். ஆன்லைனில் பார்க்கக் காசு கிடையாது.