அக்கா தையல் கடை வைக்க டாம்கோ கடன் கிடைக்குமா?

பேரணாம்பட்டில் பீடி சுற்றும் உங்கள் அக்கா கட்டாயம் கேட்டுப் பார்க்கலாம். டாம்கோ என்பது தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம். 1999-இல் தொடங்கியது. முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணர் எல்லோருக்கும் பொது. இது மானியம் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான். ஆனால் கந்துவட்டியோடு ஒப்பிட்டால் வட்டி மிகக் குறைவு.

வேலூர் கலெக்டர் ஆபீசில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விண்ணப்பம் வாங்குங்கள். கூட்டுறவு வங்கியிலும் கிடைக்கும். ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, மதத்துக்கான சான்று, திட்ட அறிக்கை தேவை. பலர் சறுக்குவது இந்தத் திட்ட அறிக்கையில்தான். மெஷின் விலை, கடை அட்வான்ஸ், மாத வாடகை, ஒரு பிளவுஸுக்குக் கூலி எவ்வளவு, வாரம் எத்தனை தைக்க முடியும் என்று அக்கா வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். மெஷினுக்குக் கடையில் விலைப்பட்டியல் வாங்கி இணையுங்கள். புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.