1200 பேருக்கு ஒன்பது சர்வீஸ்

அன்புள்ள ஐயா,

பெங்களூருவில் பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். சொல்யூஷன் ஆர்கிடெக்சர் (மென்பொருள் அமைப்பை மொத்தமாகத் திட்டமிடுவது) எங்களுக்கு விருப்பப் பாடம். வகுப்பு கிளவுட் சேவைகளின் பெயர்களோடு முடிந்துவிடுகிறது. புராஜெக்டுக்கு எங்கள் விடுதி மெஸ் டோக்கன் செயலியை எடுத்திருக்கிறோம். 1200 பேர் சாப்பிடும் மெஸ். ஒன்பது மைக்ரோசர்வீஸ் (தனித்தனியே ஓடும் சிறு சேவைகள்), அவற்றுக்கிடையே செய்தி கடத்த காஃப்கா, அவற்றை இயக்கி நிர்வகிக்க குபர்னெட்டிஸ் என்று வரைபடம் போட்டாயிற்று. இது சரியான வழியா? அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தரும் சான்றிதழ் தேர்வும் எழுதலாமா?

கே., பெங்களூரு

அன்புள்ள கே.,

வரைபடத்தை ஓரமாக வையுங்கள், முதலில் கணக்கு. 1200 பேரும் இரண்டே நிமிடத்தில் வந்து விழுந்தாலும் நொடிக்கு 10 கோரிக்கைதான். பதில் சொல்ல 200 மில்லிநொடி ஆனால், எந்த நேரத்திலும் உள்ளே நிற்பவை சராசரியாக இரண்டு. வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். லிட்டில் விதி என்பார்கள். இரண்டு கோரிக்கைக்கு குபர்னெட்டிஸ் எதற்கு? ஒரே செயலி, ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், சின்னதாக ஒரு சர்வர் போதும்.

ஒன்பதாகப் பிரித்தால் நஷ்டமும் உண்டு. ஒவ்வொன்றும் 99.9 சதவீதம் இயங்கினால் தனித்தனியே மாதம் 43 நிமிடம் படுக்கும். ஒரு டோக்கனுக்கு ஒன்பதும் எழுந்து நிற்க வேண்டுமென்றால் மொத்தம் 99.1 சதவீதம், அதாவது மாதம் ஏறக்குறைய ஆறரை மணி நேரம் முடக்கம்.

உண்மையான சிக்கல் பணம் கட்டும் இடத்தில் இருக்கிறது. டிரான்சாக்‌ஷனைத் திறந்து டோக்கனை எழுதி, கமிட் செய்யாமலே (பதிவை முடிக்காமலே) பணம் வசூலிக்கும் பேமென்ட் கேட்வேயின் பதிலுக்குக் காத்திருப்பது மாணவர் புராஜெக்டுகளில் சகஜம். காத்திருக்கும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு டேட்டாபேஸ் இணைப்பைப் பிடித்துவைக்கும் என்பதால், கேட்வே மந்தமாகி 30 நொடி எடுத்தால் 300 இணைப்புகள் வேண்டும். போஸ்ட்கிரெஸ் மாற்றாமல் விட்டால் தருவது 100. பத்து நொடியில் அது தீர்ந்துவிடும். பணத்துக்குச் சம்பந்தமில்லாத மெனு பக்கம்கூடத் திறக்காது. பொறுமையிழந்தவர்கள் பொத்தானை மறுபடி அழுத்த, நெரிசல் இன்னும் கூடும்.

டோக்கனை ‘நிலுவை’ என்று எழுதி, கமிட் செய்து, இணைப்பை விட்டுவிட்டுப் பிறகு கேட்வேயை அழையுங்கள். டைம்அவுட் 5 நொடி வையுங்கள். டைம்அவுட் ஆனதாலேயே பணம் போகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், போயிருக்கலாம். அதே ஆர்டர் எண்ணை வைத்து நிலையைக் கேளுங்கள். கேட்வே ஒரே தகவலைச் சில சமயம் இரண்டு முறைகூட அனுப்பும். ஒரே எண் இருமுறை பதிவாகாதபடி, அந்தப் பரிவர்த்தனை எண்ணுக்கு டேட்டாபேஸில் யுனிக் கட்டுப்பாடு போட்டுவிடுங்கள். பிறகு 30 நொடி தூங்கிவிட்டுப் பதில் தரும் போலி கேட்வே ஒன்றை எழுதி, கே6 என்ற சுமைச் சோதனைக் கருவி கொண்டு நொடிக்கு 10 கோரிக்கை அனுப்பி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து வையுங்கள். இந்த ஒரு சோதனை ஒரு செமஸ்டர் ஸ்லைடுகளைவிட அதிகம் கற்றுத்தரும்.

ஒவ்வொரு வடிவமைப்பு முடிவுக்கும் ஒரு பக்கம் எழுதிவையுங்கள்: சூழல், முடிவு, விளைவு. மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் எழுதிக் காட்டிய வடிவம். காஃப்காவை ஏன் விட்டீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும், வைவாவில் நிச்சயம் கேட்பார்கள்.

சான்றிதழைக் கடைசி வருடம் பார்த்துக்கொள்ளலாம். ஏடபிள்யூஎஸ்ஸின் சொல்யூஷன்ஸ் ஆர்கிடெக்ட் அசோசியேட் தேர்வு 130 நிமிடத்தில் 65 கேள்வி, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பவை. சேவைகளின் பெயர் பழகும். நீங்கள் எழுதிய டிரான்சாக்‌ஷனை அது பார்க்காது. அதற்குமுன் டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்), நெட்வொர்க்ஸ் பாடங்களை ஒழுங்காகப் படியுங்கள்.

இன்னொன்று: பல டுடோரியல்கள் ஏடபிள்யூஎஸ்ஸின் அமெரிக்க வர்ஜீனியா ரீஜனையே (சர்வர் மையங்கள் உள்ள பகுதியை) காட்டும். சர்வரை மும்பையிலும் டேட்டாபேஸை வர்ஜீனியாவிலும் வைத்துவிட்டால் ஒரு வினவல் போய்வரவே சுமார் 200 மில்லிநொடி. இருபது வினவல் போடும் பக்கம் திறக்க நான்கு நொடி. இரண்டையும் மும்பையிலேயே வையுங்கள்.