மதுரையைத் தேடினால் ஜாவா வருகிறது!
வாசகர் கேள்வி – பதில்

மதுரை நகரின் பழைய வரலாற்றை இணையத்தில் தேடினால் சுற்றுலாக் கட்டுரைகளும் ஏதோ ஓர் இந்தோனேசியத் தீவும்தான் வருகின்றன. எங்கே தொடங்குவது?
– மதுரை வாசகி

ஆங்கிலேயர் கால ஆவணங்களில் உங்கள் ஊர் ‘மதுரை’ இல்லை, ‘மதுரா’ (Madura). ஜாவாவின் வடகிழக்குக் கரையை ஒட்டி அதே எழுத்துக்கூட்டலில் ஒரு தீவு இருக்கிறது. டச்சுக்காரர்கள் அதைப் பற்றி நிறைய எழுதி வைத்திருப்பதால் அதுதான் முந்திக்கொண்டு வரும். ‘மதுரா’வோடு வைகை, நாயக்கர், மெட்ராஸ் பிரசிடென்சி இவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஜாவா என்ற சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு அதை ஒதுக்குங்கள். கண்ணன் பிறந்த வடநாட்டு மதுராவை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அன்றைய ஆவணங்களில் அது ‘முட்ரா’ (Muttra).

முதலில் இரண்டு நூல்கள். ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை மாவட்ட மானுவல் ஒன்று, டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வந்த மாவட்ட கெசட்டியர் (அரசு வெளியிட்ட விவரத் தொகுப்பு) மற்றொன்று. இரண்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரான்சிஸைப் புரட்டுகிறவர்கள் வரலாற்று அத்தியாயத்தோடு நிறுத்திவிடுவதுண்டு. ஊர் பற்றிய நுணுக்கமான செய்தி இருப்பது கடைசி அத்தியாயத்தில்தான். அங்கே ஊர்கள் தாலுகா வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தது, அந்த இடத்தில் வெளி வீதிகள் வந்தது, அந்த வேலையோடு தொடர்புடைய சர்வேயர் மாரட், மேஸ்திரி பெருமாள் ஆகியோர் பெயரில் இன்றும் இரண்டு வீதிகள் இருப்பது ஆகிய விவரங்களை அங்கே தேடுங்கள்.

இம்பீரியல் கெசட்டியரின் 16ஆம் தொகுதியிலும் மதுரை உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய டிஜிட்டல் நூலகத்தில் படிக்கலாம். சுருக்கமானது, அவசரத்துக்கு உதவும். ஹாத்தி டிரஸ்ட் என்ற மின்னூலகத் தளம் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பல நூல்களைத் திறந்து காட்டாது. அதே நூல் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய தமிழ் நூல்களை இணையத்தில் கண்டுபிடித்தாலும் உள்ளே சொல் தேடினால் எதுவும் வருவதில்லை. யானைக்கல் பற்றித் தேடினேன், பூஜ்யம்.
– திருப்பரங்குன்றம் வாசகர்

உங்கள் சொல்லிலேயே வம்பு இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் தமிழ்நாட்டில் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போல வளைந்த பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் அப்படியே. படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் இவற்றில் தடுமாறும். அதனால் ‘யானைக்கல்’, ‘கோரிப்பாளையம்’ இரண்டும் மாட்டாமல் போகும். ‘சிம்மக்கல்’லில் அந்த எழுத்துகளே இல்லை. யானைக்கல்லுக்குப் பக்கத்து இடமான அதைத் தேடி, கிடைத்த பக்கத்தைக் கண்ணால் படித்துப் பாருங்கள். ‘கோரிப்பா’ என்று சொல்லின் முன்பாதியை மட்டும் இடுவதும் பலன் தரும்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’ வழியாக ஏறிய தமிழ் நூல்களுக்கு இன்னொரு கோளாறு. தலைப்பை ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஆண்டும் தவறாக இருக்கும். தலைப்பில் வரக்கூடிய ஒரே ஒரு சொல்லை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். முகப்புப் பக்கத்தைத் திறந்து ஆண்டைச் சரிபார்க்காமல் குறிப்பெடுக்காதீர்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் தமிழிலேயே இருப்பதால் தேடுவது எளிது. ஒரு பக்கத்தை மட்டும் எழுத்தாக மாற்ற வேண்டுமானால், படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள். படம் 2 எம்பிக்குள் இருக்கட்டும், வரிகள் சாயாமல் நேராக இருக்கட்டும். இரண்டு பத்தி அமைப்பில் அச்சான பத்திரிகைப் பக்கத்தை அப்படியே கொடுத்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்துவிடும். பத்தி பத்தியாக வெட்டிக் கொடுங்கள்.

1901க்கும் 1911க்கும் இடையே மதுரை மாவட்ட மக்கள்தொகை சரிந்திருக்கிறதே, பஞ்சமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பஞ்சமில்லை, எல்லை மாற்றம். 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை அமைத்தார்கள். உங்கள் திண்டுக்கல்லும் 1985 வரை மதுரை மாவட்டம்தான். மாவட்டக் கணக்கை விட்டு நகரக் கணக்கை எடுங்கள்: மதுரை நகரில் 1871இல் 51,987 பேர், 1901இல் 1,05,984 பேர். நகர எல்லையும் விரியக்கூடியதுதான் என்பதால், அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்த பிறகு ஒப்பிடுங்கள்.

பழைய மதுரைப் படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. எது உண்மை என்று எப்படிச் சொல்வது?
– சிவகங்கை வாசகி

மூலப் படம் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டு, அருங்காட்சியகப் பக்கம் எதுவும் வருகிறதா என்று பாருங்கள். மதுரையைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியவை ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் எடுத்த படங்கள். லண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தளத்தில் அவர் பெயரோடு ‘மதுரா’ என்று தேடுங்கள். திருமலை நாயக்கர் மகால் அவற்றில் சிதைந்து கிடக்கும். நேப்பியர் மெட்ராஸ் ஆளுநராக இருந்த காலத்தில் (1866–72) மராமத்து தொடங்குவதற்கு முந்தைய நிலை அது. தூண்களும் சுவர்களும் செப்பனிட்டு இருக்கிற படத்துக்கு ‘1858’ என்று யாராவது போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

அவர் படங்களில் வானத்து மேகத்தை வைத்துப் பருவகாலம் சொல்ல முயல வேண்டாம். டிரைப் தமது நெகடிவ்களில் மேகங்களைத் தூரிகையால் வரைந்து சேர்ப்பவர். இடவலம் மாறி ஏற்றப்பட்ட படங்களும் உலவுகின்றன. கடைப்பலகை எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் கோபுரத்துக்கும் தெப்பக்குளத்துக்கும் உள்ள திசையை வைத்துச் சரிபாருங்கள்.

பிரிட்டிஷ் லைப்ரரியின் பழைய படத்தொகுப்பு இணைப்புகள் பல இப்போது திறப்பதில்லை. 2023 அக்டோபரில் அந்த நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. பழைய முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒட்டுங்கள். படம் சிறிதாகவாவது கிடைக்க வாய்ப்புண்டு, விளக்கக் குறிப்பும் கூடவே வரும்.

தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘பசலி 1300’ என்றும் இன்னொன்றில் ‘பிலவ வருஷம்’ என்றும் இருக்கிறது.
– மேலூர் வாசகர்

பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு; அதோடு 590 கூட்டுங்கள். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்குவதால் உங்களுடையது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. சக ஆண்டானால் 78 கூட்ட வேண்டும். பிலவ 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்: 1841, 1901, 1961 எல்லாமே பிலவதான். முத்திரைத்தாளில் இருக்கும் அரசர் தலையைப் பாருங்கள். விக்டோரியா, எட்வர்டு என்று எது இருந்தாலும் எந்தச் சுற்று என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். எழுதிக்கொடுத்தவரின் வயதும் குறித்திருந்தால் சந்தேகமே இல்லை.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்தே என்ன தயார் செய்துகொள்ளலாம்?
– ஆய்வு மாணவி, மதுரை

அரசாணை எண், துறை, தேதி மூன்றும் கையில் இருக்க வேண்டும். ‘மதுரை நகராட்சி பற்றி எதாவது’ என்று கேட்டுப் போனால் நாள் வீணாகும். இந்த எண்களை எடுக்கச் சிறந்த இடம் சோத்கங்கா. பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி கோப்புகளாக இருக்கும். மதுரை நகராட்சி, கோயில் நுழைவு, வைகைப் பாலம் என்று உங்கள் பொருளுக்கு நெருங்கிய ஆய்வேட்டைத் திறந்து, நேரே அடிக்குறிப்புகளுக்கும் கடைசிக் கோப்பான நூற்பட்டியலுக்கும் போங்கள். அங்கிருந்து எண்களைத் தாளில் துறைவாரியாகப் பிரித்து, ஆண்டு வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதிய ஆய்வேடுகள் சில யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றில் சொல் தேடல் வேலை செய்யாது, நகலெடுத்தால் குப்பையாக ஒட்டும். பக்கம் பக்கமாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஒரே அரசாணை எண்ணை இரண்டு ஆய்வேடுகள் வேறு வேறு தேதியோடு தந்திருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், ஆண்டு பிசகினால் கைக்கு வருவது வேறு ஏதோ ஊரின் கால்வாய்க் கோப்பாக இருக்கும்.

கல்வெட்டுகளில் மதுரை?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

பாண்டியர் கல்வெட்டுகளுக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 14ஆம் தொகுதியைப் பாருங்கள்; இணையத்தில் இருக்கிறது. தேடும்போது ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்பதையும் போடுங்கள். மாடக்குளம் கண்மாயின் பெயரால் ஊரைக் குறிக்கும் வழக்கம் அப்போது இருந்தது.