மீன் தொட்டிக்கு எத்தனை வாட் ஹீட்டர்?

கேள்வி: 60 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் கப்பிகளும் ஒரு ஃபைட்டரும் வளர்க்கிறேன். குளிர்காலத்தில் இரவில் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மீன்கள் அடியில் ஒடுங்கிக் கிடக்கின்றன. 300 வாட் ஹீட்டர் என்றால் சீக்கிரம் சூடேறும் என்கிறார்கள். வாங்கலாமா? அதுவரை வாளித் தண்ணீர் சுட வைக்கும் ராடைச் சற்று நேரம் போட்டு எடுக்கலாமா?

பதில்: ராடைத் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். சூடு போதும் என்று தானாக நிறுத்திக்கொள்ளும் வசதி அதில் கிடையாது. மின்கசிவு வந்தால் மீனோடு போகாது, உங்களையும் பிடிக்கும்.

300 வாட்டும் வேண்டாம். ஹீட்டர் கெட்டால் தண்ணீர் குளிர்ந்துவிடுமே என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறோம். நான் பயப்படுவது அது அணையாமல் போவதற்கு. சாதாரண ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டில், அதாவது சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானாக அணைத்துப் போடும் பகுதியில், இரண்டு உலோக முனைகள் தொட்டுத் தொட்டுப் பிரிகின்றன. ஒவ்வொரு முறையும் சிறு பொறி பறக்கும். நாளடைவில் முனைகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. கல், மணல் போக உங்கள் தொட்டியில் 55 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதை 300 வாட் ஹீட்டர் தொடக்கத்தில் மணிக்கு நான்கு டிகிரி வரை ஏற்றும். இரவு 11 மணிக்கு ஒட்டிக்கொண்டால், விடிவதற்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடும். 50 வாட் ஒட்டிக்கொண்டாலோ மணிக்கு ஒரு டிகிரிகூட ஏறாது. காலையில் பார்த்துப் பிளக்கைப் பிடுங்க அவகாசம் இருக்கும்.

ஆகவே லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் 50 வாட் போதும். முழுதும் மூழ்கும் வகையாக வாங்கி, ஃபில்டர் தண்ணீரைத் தள்ளும் இடத்தில், மணலில் படாமல் பொருத்துங்கள். தெர்மாமீட்டரை எதிர்க்கோடியில் வையுங்கள்; ஹீட்டரின் திருகில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்.

ஒருமுறை பிளக்கைக் கழற்ற மறந்து தண்ணீர் மாற்றினேன். காற்றில் நின்ற ஹீட்டர் கொதித்திருக்கிறது. ஒரு குவளை குளிர்ந்த நீர் பட்டதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடிக் குழாயில் தலைமுடி போல ஒரு கோடு. கை உள்ளே இல்லாதது என் அதிர்ஷ்டம். தண்ணீர் மாற்றக் கால்மணி நேரம் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் தொட்டிக்குள் கைவிடவே கூடாது. வயர் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு இறங்கி ஏறட்டும். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பது அவசியம்.

முதல் நாளே 26 டிகிரிக்குத் திருகாதீர்கள். 22-இல் தொடங்கி, நாளுக்கு ஒரு டிகிரியாக ஏற்றுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஃபைட்டரும் கப்பியும் ஒரே தொட்டியிலா? கப்பியின் விரிந்த வாலை இன்னொரு ஃபைட்டர் என்று எண்ணி அது கடித்துக் குதறும். அதற்குத் தனியாக 20 லிட்டர் தொட்டி வையுங்கள். அங்கே 25 வாட் போதும்.