கல்தளத்துக்கும் பாத்திக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

கட்டடக்கலை இறுதியாண்டு மாணவி நான். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே சதுக்கமும் தோட்டமும் கலந்த பொதுவெளி ஒன்றை வடிவமைக்கிறேன். கல்தளம் எத்தனை பங்கு, புல்வெளி எத்தனை பங்கு இருக்கவேண்டும்? நடுவில் நீரூற்று வைக்கலாமா? வரைபடத்தை இணைத்துள்ளேன்.

ம.

அன்புள்ள ம.,

நீரூற்றை விட்டுவிடுங்கள், மோட்டார் பழுதான மறுவாரம் கொசு வந்துவிடும். பங்குக் கணக்கை உங்கள் ஆசிரியரே சொல்வார். வரைபடத்தில் நாற்பது மரங்களுக்குப் பெயர் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனிதர் உட்கார இடமில்லை. ஐந்தாண்டுப் படிப்பில் இதை ஒருவர்கூடக் கேட்கவில்லையா?

கட்டடத்தின் முன்னால் பொதுவெளி விடுபவர்கள் கூடுதல் தளங்கள் கட்டிக்கொள்ளலாம் என்று 1961இல் நியூயார்க் நகரம் விதி செய்தது. தளங்கள் உயர்ந்தன, பல சதுக்கங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. நகர ஆய்வாளர் வில்லியம் எச். வைட் அவற்றில் கேமராவை வைத்து மாதக்கணக்கில் கவனித்துச் சொன்ன முடிவைக் கேட்டால் சிரிப்பு வரும்: உட்கார இடமுள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். சதுக்கத்தின் முப்பது சதுர அடிக்கு ஓரடி நீள இருக்கை வேண்டும் என்று 1975இல் விதியைத் திருத்தினார்கள். ஓரடி முதல் மூன்றடி வரை எந்த உயரத்திலும் மக்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதும், திட்டின் அகலம் இருவர் முதுகோடு முதுகாக உட்காரப் போதுமானதாக இருக்கவேண்டும் என்பதும் அவர் கண்டவையே. அவர் யோசனைப்படி வேலியையும் புதரையும் அகற்றி, இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளோடு 1992இல் மீண்டும் திறந்த நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவில் இன்று மதிய நேரத்தில் இடம் தேடவேண்டும்.

ஆகவே கல்தளம் முடிந்து பாத்தி தொடங்கும் அந்தக் கட்டைச்சுவரைப் பாருங்கள். நீங்கள் அதை அரையடியில் வரைந்திருக்கிறீர்கள். அது காலை இடறும், வேறெதற்கும் உதவாது. ஒன்றரை அடியாக்கினால் அதுவே திண்ணை.

ஓய்வுபெற்றபின் என் அப்பா மாலைதோறும் அப்படியொரு சுவரில்தான் உட்காருவார், முதுகில் செம்பருத்தி உரச, எதிரே சுண்டல் வண்டியைப் பார்த்தபடி. ஒருநாள் நாங்கள் போனபோது சுவர் நெடுக இரும்புக் கூர்களைப் பதித்திருந்தார்கள், சிமென்ட்டின் ஈரம்கூடக் காயவில்லை. இரண்டு கூர்களுக்கு நடுவே அப்பா கையை விரித்து அளந்தார். ஒரு சாண்கூட இல்லை. தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எதுவும் பேசாமல் வீட்டுக்கு நடந்தார்.

அந்தச் சுவரை மட்டும் தனித்தாளில், உயரமும் அகலமும் குறித்து வரைந்து அனுப்புங்கள். மரங்களின் பெயர்களை அதன்பிறகு படிக்கிறேன்.