தூதரகக் காசு யாருக்கு, எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கொழும்பிலுள்ள வெளிநாட்டுத் தூதரகங்கள் கொடுக்கும் சிறு நிதி. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு வலை பின்ன ஒரு கொட்டகையும் மீன் வைக்க ஐஸ் பெட்டிகளும் தேவை. அமெரிக்கத் தூதரகம் சிறு நிதி கொடுக்கிறதாம் என்று ஒரு தம்பி சொன்னார். எப்படி விண்ணப்பிப்பது?
– சங்கப் பொருளாளர், சாம்பல்தீவு

அண்ணன், தம்பி சொன்னதில் பாதி சரி. நிதி இருக்கிறது, ஆனால் உங்கள் கொட்டகைக்கு இல்லை. அமெரிக்கத் தூதரகத்தில் அந்தச் சிறு நிதியைக் கொடுப்பது பொதுசன இராஜதந்திரப் பிரிவு, அதாவது இந்த நாட்டு மக்களோடு நல்லுறவு வளர்க்கும் பிரிவு. கட்டிடம், அபிவிருத்தி வேலை, தர்ம உதவி, மத நிகழ்ச்சி, கட்சி அரசியல் எதற்கும் காசு இல்லை என்று அவர்களுடைய அறிவிப்பிலேயே வழக்கமாக எழுதியிருக்கும். அவர்கள் தேடுவது இரண்டு நாட்டு மக்களுக்கும் இடையில் ஒரு தொடர்பு, அதனால் திட்டத்துக்குள் ஒரு அமெரிக்க நிபுணரோ, பல்கலைக்கழகமோ, கலைஞரோ, ஏதாவது ஒரு அமெரிக்க அம்சம் இருந்தே ஆக வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் அமெரிக்காவை எங்கே வைப்பீர்கள்?

உங்களுக்குப் பொருந்துவது ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனித பாதுகாப்பு நன்கொடைத் திட்டம். 1989இல் தொடங்கியது. வடக்கில் கண்ணிவெடி அகற்றிய நிறுவனங்களுக்குக் காசு போனதும் இந்த வழியாகத்தான். கட்டிடம், இயந்திரம், உபகரணம் என்று கண்ணால் பார்க்கக்கூடிய பொருளுக்குக் கொடுப்பார்கள்; சம்பளம், எரிபொருள், கரண்ட் பில் போன்ற நடைமுறைச் செலவுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால் அவர்கள் கேட்கப்போகும் பெரிய கேள்வி "கட்டி முடித்த பிறகு பராமரிப்பது யார், எந்தக் காசில்?" என்பதுதான். சங்கத்தில் மாதச் சந்தா ஒழுங்காகச் சேர்கிறது என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட முடிந்தால் அதுவே நல்ல பதில். தூதரகத்திலிருந்து ஆள் வந்து இடத்தைப் பார்ப்பார்கள், விலைக்கு ஒரு கடையின் கொட்டேஷன் போதாது, பல கடைகளில் எடுத்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

பெட்டிகளும் சிறு உபகரணமும் மட்டும் என்றால் அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டத்தையும் பாருங்கள். அதன் உச்ச வரம்பு 60,000 அவுஸ்திரேலிய டொலர், ஆனால் உச்சத்தைக் கேட்காதீர்கள், தேவையைக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் காணி. கடற்கரையில் கட்டப்போகிறீர்கள், அந்தக் காணி யாருடையது? அரச காணி என்றால் பிரதேச செயலாளரின் கடிதம் வேண்டும். உயர் நீர் மட்டத்திலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றருக்குள் என்றால் அது கரையோர வலயம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். திருகோணமலையில் காணிப் பிரச்சினை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடிதங்கள் கையில் இல்லாமல் எந்தத் தூதரகத்துக்கும் எழுதாதீர்கள். நல்ல திட்டங்கள் பல கவிழ்வது இந்த இடத்தில்தான், விண்ணப்பத்தின் ஆங்கிலம் சரியில்லாததால் அல்ல.

எங்கள் மாதர் சங்கம் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யப்பட்டது. அது போதுமா, கொழும்பில் என்ஜிஓவாகப் பதிய வேண்டுமா? காசு கையில் தருவார்களா?
– சங்கச் செயலாளர், மூதூர்

தங்கச்சி, கிராம மட்டச் சங்கம் என்றால் பிரதேச செயலகப் பதிவைச் சில தூதரகங்கள் ஏற்கும், சில 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிந்திருக்க வேண்டும் என்று கேட்கும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் "தகுதி" என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். மற்றப் பக்கங்களைப் பிறகு வாசிக்கலாம்.

பதிவை விட அதிகம் சிக்கல் கொடுப்பது பெயர்தான். பதிவுச் சான்றிதழில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, கடிதத் தலைப்பில் சுருக்கம், ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்று விதமான எழுத்துக்கூட்டல். கொழும்பில் இருக்கும் அதிகாரிக்கு இது ஒரு சங்கமா மூன்று சங்கமா என்று தெரியாது. ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் என்று தீர்மானம் போட்டு, வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய்த் திருத்துங்கள், விண்ணப்பம் அதற்குப் பிறகு.

காசு கையில் வராது. சங்கத்தின் கணக்குக்கு வரும். கையொப்பமிடுபவர்கள் இருவராவது இருக்க வேண்டும், அந்த இருவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது (கணவன் தலைவர், மனைவி பொருளாளர் என்ற கதை நம் ஊர்களில் குறைவில்லை). பல இடங்களில் தவணை தவணையாகத்தான் தருவார்கள், முதல் தவணைக்குக் கணக்குக் கொடுத்தால்தான் அடுத்தது. பற்றுச்சீட்டை அன்றன்றே ஒட்டி வைக்காத சங்கம் அந்த இடத்தில் தடுக்கி விழும்.

விலை பற்றியும் ஒரு விஷயம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபா, மே மாதம் 360 ரூபா அளவில் நின்றது. அந்த நேரம் ரூபாவில் பட்ஜெட் போட்டவர்கள் சீமெந்து வாங்கப் போய் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நிதி எந்த நாணயத்தில் ஒப்பந்தமாகிறது, விலை ஏறினால் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்று இன மாணவர்களையும் சேர்த்து ஆங்கில விவாதப் பயிற்சி நடத்த ஆசைப்படுகிறேன். சாம்பல்தீவுக் கடற்றொழிலாளர் சங்கத்து அண்ணனைப் போல நானும் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறேன்.
– ஆங்கில ஆசிரியர், கிண்ணியா

நீங்கள் அந்த அண்ணனோடு உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள் போலிருக்கிறது, சேர். உங்களுக்கு நான் நேர் எதிர்ப் பதில் சொல்கிறேன்: ஜப்பானிடம் போகாதீர்கள், அமெரிக்காவின் பொதுசன இராஜதந்திர நிதிக்கு எழுதுங்கள். இளைஞர், ஆங்கிலம், விவாதம், இனங்களுக்கிடையில் பழக்கம் எல்லாம் அவர்களுடைய பாதையிலேயே வருகிறவை.

அமெரிக்க அம்சத்துக்கு எங்கே போவது என்று யோசிக்கிறீர்கள். அமெரிக்காவோடு கல்விப் பரிமாற்றம் நடத்தும் ஃபுல்பிரைட் ஆணைக்குழு இலங்கையில் 1952 முதல் இருக்கிறது, அந்த வழியாகவோ வேறு பரிமாற்றத் திட்டத்திலோ போய் வந்த ஆசிரியர்களும் அதிகாரிகளும் நம் மாகாணத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பயிற்றுநராகச் சேர்க்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விவாதக் குழுவோடு இணையவழி அமர்வு வைக்கலாம், அதற்குச் செலவும் பெரிதில்லை. ஆனால் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியக் கூடாது. கடைசிப் பக்கத்தில் "ஒரு அமெரிக்கர் சிறப்புரை ஆற்றுவார்" என்று ஒரு வரி சேர்த்தால் வாசிப்பவருக்கு உடனே விளங்கிவிடும்.

அப்புறம் கடதாசி வேலை. எஸ்எஃப்-424 என்ற விண்ணப்பப் படிவமும், அதோடு 424ஏ என்ற பட்ஜெட் படிவமும் வழக்கமாகக் கேட்பார்கள். நிறுவனத்துக்கு யுஇஐ என்ற 12 எழுத்து, எண் கொண்ட அடையாளம் வேண்டும், அதை சாம் டொட் கவ் (SAM.gov) என்ற அமெரிக்க அரசின் பதிவுத் தளத்தில் எடுக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன்பு அதன் இடத்தில் டன்ஸ் எண் என்ற வேறு அடையாளம் இருந்தது. இன்னும் டன்ஸ் எண் எடுக்கச் சொல்லும் வழிகாட்டியை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது பழசு. இந்தப் பதிவு இலவசம், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். கடைசித் திகதிக்கு முதல் கிழமை தொடங்கினால் கதை முடிந்தது. பாடசாலையின் பெயரில் செய்வதா, சங்கத்தின் பெயரில் செய்வதா என்று அதிபரோடும் வலயக் கல்வி அலுவலகத்தோடும் பேசி முடிவெடுங்கள், அரச பாடசாலைக்குள் வெளிநாட்டுக் காசு நுழைய அனுமதிகள் வேண்டும்.

இன்னொன்று, 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி மறுபரிசீலனை செய்யத் தொடங்கியது, அந்த நாட்டின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எயிட் அதே ஆண்டு ஜூலையில் மூடுண்டது. தூதரகத்தின் சிறு நிதி வேறு கணக்கு என்றாலும் முன்னுரிமைகள் மாறும். போன வருடம் நண்பருக்குக் கிடைத்த தலைப்பை அப்படியே பிரதி பண்ணாமல், இப்போது தூதரக இணையத்தளத்தில் கிடக்கும் அறிவிப்பை வைத்து எழுதுங்கள். நோர்வே தூதரகத்தைப் பட்டியலில் வைத்திருந்தால் வெட்டிவிடுங்கள், அது 2023இல் கொழும்பிலிருந்து போய்விட்டது.

ஒருவர் முன்மொழிவு எழுதித் தருகிறேன், கிடைத்தால் பத்து வீதம் தா என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, நிலாவெளி

கொடுக்காதீர்கள். அந்தப் பத்து வீதத்தைப் பட்ஜெட்டில் எந்த வரியில் எழுதுவீர்கள்? எழுத முடியாது, அதனால் பொய்ப் பற்றுச்சீட்டு வரும், அதோடு உங்கள் சங்கத்தின் பெயர் போகும். எழுதத் தெரிந்தவருக்கு முன்கூட்டியே ஒரு நியாயமான கூலியைச் சங்கக் காசில் கொடுங்கள், அல்லது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளையைப் பிடியுங்கள். சாம் பதிவுக்குப் பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அதையும் அழித்துவிடுங்கள்.

தனி ஆளாக விண்ணப்பிக்கலாமா? நான் ஒரு புகைப்படக்காரன்.
– வாசகர், உப்புவெளி

ஜப்பான், கனடா நிதிகளில் முடியாது, அமைப்பு வேண்டும். அமெரிக்க நிதியில் தனி நபருக்குச் சில அறிவிப்புகளில் இடம் இருக்கும். கண்காட்சி என்றால் ஒரு நூலகத்தையோ கலை மன்றத்தையோ சேர்த்துக்கொண்டு அவர்கள் பெயரில் போடுவதுதான் எளிது.

கனடாவின் நிதி பற்றிச் சொல்லுங்கள். எப்போது கேட்பார்கள்?
– இளைஞர் கழகம், தம்பலகாமம்

உள்ளூர் முன்முயற்சிகளுக்கான கனடா நிதியம் என்பது அதன் பெயர். உச்சம் 100,000 கனடிய டொலர், ஆனால் சராசரி அதை விட மிகக் குறைவு. கனடாவின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் திட்டம் பெப்ரவரி கடைசிக்குள் முடிய வேண்டும், அதாவது பணம் வந்த பிறகு உங்களுக்குக் கிடைப்பது சில மாதங்கள்தான். தம்பலகாமத்தில் பெரும்போகமும் வடகீழ்ப் பருவ மழையும் அந்த மாதங்களில்தான் வரும். வயலில் நிற்கும் ஆட்களைப் பயிற்சிக்குக் கூப்பிடும் திட்டம் எழுதிவிட்டுப் பிறகு ஆள் வரவில்லை என்று அழாதீர்கள். பெண்களுக்கு இதனால் என்ன என்று கட்டாயம் கேட்பார்கள், "50 வீதம் பெண்கள்" என்ற ஒற்றை வரி அதற்குப் பதில் ஆகாது.

தூதரகக் காசு வாங்கினால் உளவு பார்க்கிறோம் என்று ஊரில் பேசுகிறார்கள். இவர்கள் சும்மா தருவார்களா?
– ஓய்வுபெற்ற அதிபர், திருகோணமலை நகரம்

சும்மா தர மாட்டார்கள் ஐயா, அதை அவர்களும் மறைக்கவில்லை. பொதுசன இராஜதந்திரம் என்றால் தங்கள் நாட்டைப் பற்றி நல்ல எண்ணம் வளர்ப்பது, அதற்காகத்தான் பதாகையில் கொடியும் இலச்சினையும் போடச் சொல்கிறார்கள். நம் துறைமுகத்தின் மேல் எல்லோருக்கும் கண் இருப்பது புதிதும் அல்ல. போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டியதிலிருந்து நடக்கிற கதை. எண்ணெய்க் குதங்கள் பற்றி 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம், 2025 ஏப்ரலில் கிழக்கு மாகாணத்துக்கு இந்திய நன்கொடை ஒப்பந்தம் என்று தொடர்கிறது. இந்திய உதவி பெரும்பாலும் அரசாங்கம் வழியாகப் போவதால் சங்கங்களுக்கு நேரே கதவு குறைவு.

என் கருத்து: வாங்கலாம், ஆனால் ஒளித்து வாங்காதீர்கள். பொதுக்கூட்டத்தில் தொகையைச் சொல்லுங்கள், ஒப்பந்தப் பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள், கணக்கை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். கேட்கிறவர்களுக்குக் காட்ட ஒரு காகிதம் இருந்தால் பேச்சு தானாகக் குறையும். ஒரு நாட்டின் நிபந்தனை உங்கள் ஊருக்கு ஒத்துவராது என்றால் அந்தக் காசு வேண்டாம் என்று எழுதவும் சங்கத்துக்கு உரிமை இருக்கிறது.

தமிழில் விண்ணப்பிக்கலாமா?
– பலர்

பெரும்பாலும் ஆங்கிலம்தான் கேட்பார்கள், கனடா பிரெஞ்சையும் ஏற்கும். ஆனால் முதலில் தமிழில் எழுதி, சங்கக் கூட்டத்தில் உரக்க வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். வந்து பார்க்கும் அதிகாரி உறுப்பினர்களிடம் தனித்தனியாகக் கேள்வி கேட்பார், அப்போது தங்கள் திட்டம் என்னவென்று தெரியாமல் எல்லோரும் செயலாளரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.