குப்பைமேடும் கிணற்றுத் தண்ணீரும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஊர்க் குப்பைக் கிடங்கிலிருந்து அரை கிலோமீட்டரில் எங்கள் வீடு. போர் தண்ணீர் வரும்போது தெளிவாக இருக்கிறது. பக்கெட்டில் வைத்தால் அரை மணி நேரத்தில் பழுப்பாகிவிடுகிறது. டிடிஎஸ் பார்த்தால் போதுமா? காய்ச்சிக் குடிக்கலாமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். டிடிஎஸ் மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும். எந்த உப்பு, எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் அப்படியே இருக்கும், நீர் ஆவியாவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். பரிசோதனை முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் பயன்படுத்துங்கள்.

பழுப்பாக மாறுவது பெரும்பாலும் இரும்பு. குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரில் உள்ள கரிமப் பொருள் சிதையும்போது நிலத்தடியில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்போது மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் நீரில் கரைகின்றன. மேலே வந்து காற்று பட்டதும் இரும்பு துருவாகப் படிகிறது. ஆனால் சில ஊர்களில் இயற்கையாகவே இரும்பு அதிகம். அதனால் அம்மோனியா, குளோரைடு, பொட்டாசியம், சிஓடி (நீரிலுள்ள கரிமக் கழிவின் அளவைக் காட்டும் சோதனை) ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். குளோரைடு மண்ணில் ஒட்டாது, சிதையாது. நீர் போகும் வேகத்திலேயே போகும். எனவே கசிவை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். கடலோர ஊர்களில் மட்டும் ஒரு கவனம் தேவை: குளோரைடு ஏறி, அம்மோனியாவும் சிஓடியும் குறைவாக இருந்தால் கடல்நீர் ஊடுருவலைச் சந்தேகிக்க வேண்டும். நைட்ரேட் குறைவு என்று நிம்மதி அடைய வேண்டாம். ஆக்சிஜன் இல்லாத நீரில் அது தானாகவே குறையும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) லிட்டருக்கு வைத்திருக்கும் வரம்பு: குளோரைடு 250 மில்லிகிராம் (வேறு நீராதாரம் இல்லையெனில் 1000), நைட்ரேட் 45, அம்மோனியா 0.5, ஈயம் 0.01.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மேல்தொட்டியிலிருந்து பிடிக்காதீர்கள், இரும்பு அங்கேயே படிந்திருக்கும். மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, போர் வாயிலேயே பிடியுங்கள். 2 லிட்டர் புது பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் நிரப்புங்கள். உலோகப் பரிசோதனைக்கு நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலையும், கிருமிப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கம் செய்த பாட்டிலையும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். அவற்றை அலசக் கூடாது. ஐஸ் வைத்து அன்றே கொண்டு சேருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். கிடங்குக்கு மறுபக்கம், அதாவது நிலத்தடி நீர் கிடங்கை நோக்கி வரும் திசையில், அதே ஆழமுள்ள ஒரு கிணற்றிலும் அதே நாளில் மாதிரி எடுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் உங்கள் அறிக்கையை வைத்து யாரிடமும் வாதாட முடியாது.

கேள்வி: எங்கள் ஊரில் குப்பையைப் புதைக்கப் புதிதாக நிலநிரப்புக் கிடங்கு கட்டுகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கொடுங்கையூர், பெருங்குடி போன்ற பழைய மேடுகளுக்கு அடியில் காப்புப் படலமே கிடையாது. புதிய கிடங்குக்கு 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்த அளவு: 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) விரிப்பு. களிமண் அடித்தளத்துக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே 2 மீட்டராவது இருக்க வேண்டும். அந்த மட்டத்தை மழைக்காலம் முடிந்த கையோடு அளந்தார்களா என்று கேளுங்கள். மே மாத அளவு செல்லாது.

களிமண் மட்டும் ஏன் போதாது? நொடிக்கு ஒரு செ.மீ.யில் கோடியில் ஒரு பங்கு என்ற, விதி அனுமதிக்கும் கசிவு வேகத்திலேயே ஆண்டுக்கு சுமார் 3 செ.மீ. நீர் இறங்கும். ஒரு ஏக்கருக்கு அது லட்சம் லிட்டருக்கு மேல். மேலே தேங்கும் உயரம் கூடினால் கசிவும் கூடும். அதனால்தான் விரிப்பின்மேல் சரளைக்கல்லும் துளையிட்ட குழாயும் வைத்து, தேக்கம் 30 செ.மீ.க்கு மேல் போகாமல் இறைக்க வேண்டியிருக்கிறது.

கெடுவது பெரும்பாலும் வேலையின்போதுதான். தட்டிய களிமண் வெயிலில் காய்ந்து வெடித்த பிறகு அதன்மேலேயே விரிப்பார்கள். விரிப்பின்மேல் நேராக டிப்பரை ஓட்டுவார்கள். இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். விரிப்பு ஒட்டுகளுக்குக் காற்றழுத்தச் சோதனை நடந்த பதிவேட்டையும் கேளுங்கள்.

கேள்வி: குப்பை கொட்டுவதை நிறுத்திய பழைய மேட்டை மண் போட்டு மூடினால் போதுமா?

பதில்: மழை உள்ளே போகாத அளவுக்கு மூடினால் பெரும் பயன் உண்டு. 10 செ.மீ. மழை ஒரு ஏக்கரில் 4 லட்சம் லிட்டர். வெறும் செம்மண் அதை உறிஞ்சி உள்ளே விட்டுவிடும். 60 செ.மீ. களிமண், 15 செ.மீ. வடிகால் அடுக்கு, அதன்மேல் 45 செ.மீ. செடி வளரும் மண், நீர் ஓடிவிடச் சரிவு என்பதே 2016 விதிகள் வகுத்த அளவு. மூடிய பிறகும் 15 ஆண்டு நிலத்தடி நீரைக் கண்காணிக்க வேண்டும். அந்த அளவீடுகளை 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். கண்காணிப்புக் கிணறுகளின் இடத்தையும் ஆழத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.